பாதரசம் பட்ட மோதிரம்

இருபத்திரண்டு வருடங்களாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சூத்தைப் பற்களை அடைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னார்த் தீவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் என்னைப் 'பல்லு மிஸ்' என்றுதான் அறிவார்கள். இப்போது அடைக்கிற மருந்து பல்லின் நிறத்திலேயே வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கண்ணாடி உரலில் இட்டு அரைப்போம். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். காலையில் கிளினிக்குக்குள் கால் வைத்ததும் என் முதல் வேலை வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பது. பாதரசம் தொட்டால் தங்கம் வெளுத்துப்போகும். பயிற்சியின் முதல் கிழமையிலேயே சொல்லித் தந்த பாடம் அது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் கணவர் தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணம் முடித்த புதிதில் அந்த மௌனத்தைக் கோபம் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். பிறகு அதுதான் அவருடைய இயல்பு என்று பழகிக்கொண்டேன். பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சு இன்னும் சுருங்கிவிட்டது. உப்பு, தண்ணீர், கரண்ட் பில், நாளைக்கு என்ன கறி. அவ்வளவுதான்.

அவருடைய வாப்பா, என் மாமா, ஒரு கொப்பியை விட்டுச் சென்றிருந்தார். தமிழ்தான், ஆனால் அறபு எழுத்தில் எழுதியது. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றி, எருக்கலம்பிட்டியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது மாமா மாற்று உடுப்புக்குள் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாராம். புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் அது அவர் தலையணைக்குக் கீழே கிடந்தது. அவர் மௌத்தான பிறகு எங்கள் அலுமாரிக்குள் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் கணவர் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

உள்ளே இருந்தது கீமியா. செம்பைப் பொன்னாக்குகிற வித்தை என்று நான் நினைத்தேன்.

"அப்பிடித்தான் தொடங்குது. போகப்போக மனிசரைப் பற்றித்தான் கதைக்குது" என்றார்.

பாதரசத்துக்கு மட்டும் முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. 'ரசம்' என்றுதான் அதில் எழுதியிருந்தது. அறபுச் சொற்களை அவர் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு அறிந்துகொண்டார். ஆனால் பாதிச் சொற்கள் சித்தர்கள் தங்களுக்குள் பாவித்த மறைமொழி. அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கந்தோர் யன்னலுக்கு முன்னால் ஒருநாள் பதிவுத் தபாலோடு வந்து நின்றார்.

கீரி என்கிற பக்கத்து ஊரில் இருக்கிற ஒரு டீச்சர். உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவர், கிறிஸ்தவ வேதக்காரர், கணவரை இழந்தவர். பட்ட மேற்படிப்புக்குச் சித்தர் பாடல்களைத்தான் ஆராய்ந்தவர். வயது என்னைவிட நான்கைந்து கூட இருக்கும். ஊர் வாய்க்கு இடம் வைக்கக்கூடாது என்று சனிக்கிழமை பின்நேரங்களில் எங்கள் வீட்டு முன்விறாந்தையிலேயே இருந்து படிப்பது என்று முடிவாயிற்று. அதற்குச் சம்மதித்தவள் நான்தான். 'தாராளமா வரட்டும்' என்று சொன்னேன்.

முதல் சனிக்கிழமை நான் குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் என் கணவரின் குரல் கேட்டது. தொடர்ந்து கேட்டது. கத்தியை வைத்துவிட்டு நின்றேன். இந்த மனிசனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா?

"எங்கட கொப்பியில ரசம் தாய், டீச்சர். கெந்தகம் தகப்பன். ரெண்டும் மண்ணுக்குள்ள சேர்ந்துதான் எல்லா உலோகமும் பிறக்குது."

"சித்தர் பாட்டில மற்றப் பக்கம், சேர். ரசம் சிவன்ர விந்து. கெந்தகம்தான் அம்மன்."

"அப்ப ஆர் சொல்லுறது சரி?"

"ரெண்டு பேரும் சரியா இருக்கலாம். அதுக்கு உறுதியான உருவமில்லைத்தானே. தண்ணி மாதிரி ஓடும், ஆனால் நனைக்காது. உலோகம், ஆனால் கையில பிடிக்கேலாது. ஆணா பெண்ணா எண்டு கேட்டா ரெண்டுக்கும் நடுவில நிண்டு சிரிக்கும்."

என் கணவரும் சிரித்தார். சத்தமாக. அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது மூத்தவன் நடை பழகின காலத்தில்.

தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள். இருக்கச் சொல்லவில்லை. நானும் இருக்க நினைக்கவில்லை. அங்கே மூன்றாவது கதிரை ஒன்று சும்மாதான் கிடந்தது.

கிழமைகள் போயின. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையால் வந்ததும் அவர் அடுத்த நாளுக்குக் கேள்விகள் எழுதத் தொடங்கிவிடுவார். சனிக்கிழமை மத்தியானம் தாடியைக் கத்தரித்துக்கொள்வார். நான் கவனித்தேன் என்று அவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து எழுதுவதற்கென்று ஒரு புதுக் கொப்பி வந்தது. ஒருநாள் அவர் கந்தோருக்குப் போன பிறகு அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு வரி அவருடைய கையெழுத்து, அடுத்த வரி டீச்சருடையது. ஓரத்தில் ஓரிடத்தில் 'நல்ல கேள்வி சேர்' என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் தேடியது இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், கூடப்பிறந்த ராத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லாததற்கு யாரிடம் போய் முறையிடுவது?

அந்தக் கொப்பியில் வாசித்த ஒன்று மனதில் தங்கிவிட்டது. அறபு நாட்டுக் கீமியாக்காரர்கள் பாதரசத்தை 'ஓடிப்போகிற அடிமை' என்று அழைத்தார்களாம். பிடித்தால் நழுவும், நெருப்பில் வைத்தால் புகையாகிப் போய்விடும். மனிதனுடைய நப்ஸும், அந்த அடங்காத மனசும் அப்படித்தான், கட்டிப்போடாவிட்டால் எசமானை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்று மாமா எழுதியிருந்ததை என் கணவர் பெயர்த்து வைத்திருந்தார். டீச்சர் அதற்குக் கீழே, சித்தர்களும் ரசத்தைக் கட்டுவதென்றால் மூச்சையும் மனதையும் கட்டுவதைத்தான் சொல்கிறார்கள் என்று குறித்திருந்தார்.

அன்றைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு நான் கதையைத் தொடங்கினேன்.

"அந்த ஓடிப்போற அடிமை எண்டது சரியில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அதோட வேலை செய்தனான்தானே. அது ஒளிச்சு ஓடுறேல்லை. தன்ர ஆக்களைத் தேடித்தான் ஓடும். நிலத்தில சிந்தினா நூறு துளியாப் போகும், ரெண்டு துளி கிட்ட வந்தா ஒண்டாயிடும். மரத்தில ஒட்டாது, கண்ணாடியில ஒட்டாது. வெள்ளியை, தங்கத்தைக் கண்டா மட்டும் விடாது."

"ம்" என்றார். மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் இன்னும் கொஞ்சநேரம் காத்திருந்தேன். ஆணம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

வந்த சனிக்கிழமை வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"டீச்சர், நான் ஒண்டு யோசிச்சனான். அடிமை ஒளிச்சு ஓடேல்லை. தன்ர இனத்தைத் தேடித்தான் ஓடுது. அதால நப்ஸ் ஓடுறதும் கெட்டதுக்காக இல்லை. அது எங்கயிருந்து வந்ததோ அங்க போகத்தான்."

அதற்கு டீச்சர் சொன்னார்.

"சேர், இது அருமையான யோசனை. இத ஒரு புத்தகத்திலயும் நான் வாசிக்கேல்லை. உடன எழுதுங்கோ."

'இவ சொன்னவ' என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். எண்ணெய்க்குள் வடை கருகியது. அந்தச் சொல் வரவில்லை. அவர் வேண்டுமென்று மறைத்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்ததைத் தன் யோசனை என்றே அவர் நம்பியிருப்பார். அன்றைக்கு எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

அப்போதுதான் டீச்சர் சொன்னார்.

"சேர், நான் இவ்வளவு காலம் ரசத்தைப் பற்றிப் படிக்கிறன், ஒருக்காவும் கண்ணால கண்டதில்லை. உடைஞ்ச தேர்மோமீற்றரில கூடக் காணேல்லை."

என் கணவர் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "உன்னட்ட ஒரு போத்தல் கிடக்குதெல்லோ? கொண்டுவா பாப்பம்."

இருந்தது. கிளினிக்கில் பழைய மேசை லாச்சிகளைத் துப்புரவாக்கியபோது அகப்பட்ட சின்னப் போத்தல். பாதரசம் பாவிப்பதை நாங்கள் எப்போதோ நிறுத்தியிருந்தோம். மேலிடத்தில் ஒப்படைக்கவென்று இறுக மூடி எடுத்து வந்தவள், போக நேரமில்லாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

அலுமாரியைத் திறந்தேன். போத்தலை எடுப்பதற்கு முன் என் கை தானாக வளையல்களைக் கழற்றியது. இரண்டு வளையல், ஒரு மோதிரம். கட்டில் விரிப்பின்மேல் வைத்தேன். அந்த நேரம் எனக்கு டீச்சரின் கை நினைவுக்கு வந்தது. இடது கையில் மெல்லிய கல்யாண மோதிரம். கணவர் இறந்த பிறகும் அவர் கழற்றவில்லை. நினைவு வந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் ஊற்றினேன். யன்னல்களைத் திறந்துவிட்டேன். ரசம் பீங்கானின் நடுவில் திரண்டு நின்றது. டீச்சர் கதிரையிலிருந்து இறங்கி முழங்காலில் நின்று பார்த்தார். என் கணவரும் குனிந்தார். இரண்டு பேருடைய முகங்களும் அதில் சின்னதாகத் தெரிந்தன.

"உயிர் இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "தொடலாமோ?"

"கொஞ்சநேரம் தொட்டா கைக்கு ஒண்டும் செய்யாது" என்றேன்.

அது உண்மை. கைக்கு ஒன்றும் செய்யாது.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழியாக்கினார். நான் ஊற்றினேன். அதன் பாரத்தில் அவருடைய கை ஒருமுறை தாழ்ந்தது. "எவ்வளவு பாரம் சேர், பாருங்கோ" என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தார். ரசம் விரல்களுக்கு இடையே ஓடி மோதிரத்தைத் தொட்டது. ஒரு பக்கம் வெளுத்தது. பிறகு வட்டம் முழுவதும். அவர் இன்னும் காணவில்லை. நான் கண்டேன். அந்த நேரத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது. அது சந்தோசம்தான். வேறு பெயர் சொல்லிப் பொய் பேச வேண்டியதில்லை.

ரசத்தைப் பீங்கானில் திருப்பி ஊற்றிய பிறகுதான் அவர் கையைப் பார்த்தார். சாறி முந்தானையால் துடைத்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். ஈயம் பூசினதுபோல மோதிரம் வெள்ளையாகக் கிடந்தது.

"இது... போகாதோ?"

நான் பீங்கானைக் கையில் எடுத்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தவர், பிறகு என் கைகளைப் பார்த்தார். வளையல் இல்லாத கைகள். கல்யாணம் முடித்த முதல் வருடம், நான் ஏன் கிளினிக்கில் வெறுங்கையோடு நிற்கிறேன் என்று கேட்டவர் அவர். காரணத்தை விளக்கிச் சொன்னவள் நான்.

டீச்சர் போன பிறகு அவர் கேட்டார். "உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"தெரிஞ்சுதானே விட்டனீ?"

"ஓம்."

அவர் எழும்பிப்போய்க் கொப்பிகள் இரண்டையும் அலுமாரிக்குள் வைத்தார். அடுத்த பத்து நாட்கள் எங்கள் வீட்டில் உப்பு, தண்ணீர் என்ற சொல்கூட இல்லை. சனிக்கிழமை வந்தது. ஒருவரும் வரவில்லை. அவர் முன்விறாந்தையில் தனியே இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரும்பியது இதுதான் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். வடைக்குப் பருப்பு ஊறப்போடத் தேவையில்லாத பின்நேரம் எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிந்ததும் ஸ்கூட்டியைக் கீரிப் பக்கம் திருப்பினேன். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. டீச்சர் வீட்டு முற்றத்தில் வேட்டி, சாறிகள் கொடியில் பறந்துகொண்டிருந்தன. அவருடைய தமையன் கேற்றைத் திறந்துவிட்டு உள்ளே போனார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வாங்கோ என்றார், இருங்கோ என்று சொல்லவில்லை.

நான் நின்றபடியே சொன்னேன். "டீச்சர், அண்டைக்கு எனக்கு..."

"தெரியும்" என்றார். "நீங்கள் தேத்தண்ணி கொண்டு வரேக்க கையில வளையல் கிடந்தது. போத்தல் கொண்டு வரேக்க கிடக்கேல்லை. வீட்டுக்கு வந்துதான் யோசிச்சனான்."

அவர் திருத்திய தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"எனக்கு எரிஞ்சது டீச்சர். இருபது வருசத்தில அவர் என்னோட கதைக்காத கதையெல்லாம் உங்களோட கதைக்கிறார். ரசத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள். அத நான் எத்தினையோ வருசம் என்ர கையால அரைச்சனான். ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. அந்த அடிமை கதை கூட நான் சொன்னது."

அவர் பேனையை மூடினார். "அது நீங்கள் சொன்னதோ?"

"ஓம்."

அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ மாறியது. ஆனால் கோபம் போகவில்லை.

"கொப்பியில ஒரு இடம் இருக்கு" என்றார். "ரசம் தங்கத்தை அழிக்கிறேல்லை, தனக்குள்ள ஒளிக்குது. நெருப்பு வைச்சாத்தான் திருப்பித் தரும். மனிசரும் தங்களை ஒருக்கா இழந்துதான் திருந்துவினம் எண்டு சேரின்ர வாப்பா எழுதியிருக்கிறார். வாசிக்கேக்க எனக்கு நல்லாத்தான் இருந்தது. என்ர மோதிரத்தில நடக்கேக்க நல்லா இருக்கேல்லை. இது என்ர அவர் எனக்குப் போட்டது."

மோதிரத்தை அவர் விரலில் போட்டிருக்கவில்லை. ஒரு பஞ்சுக்குள் சுற்றிச் சின்ன டப்பாவில் வைத்திருந்தார். பத்தரிடம் கொடுத்து நெருப்பில் காட்டப்போவதாகச் சொன்னார்.

"தனியக் குடுக்காதேங்கோ" என்றேன். "சூடாக்கினா ரசம் ஆவியாப் போகும். கண்ணுக்குத் தெரியாது, அத மூச்சில இழுத்தா ஆளுக்கே கேடு. கடைக்குள்ள வைச்சு ஊத விடக்கூடாது. நானும் வாறன்."

அவர் விடைத்தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வந்து ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார். மன்னார் ரவுனில் இருக்கிற பத்தர் கடைக்குப் போனோம்.

பத்தர் முதலில் சிரித்தார். நான் விடவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வெளியில், காற்று வீசுகிற பக்கத்தில் அவரை நிறுத்தினேன். மூக்கை மூடக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த முகக்கவசம் கொடுத்தேன். டீச்சரை என் பின்னால் நிற்கச் செய்தேன். நெருப்புப் பட்டதும் வெள்ளை மெல்ல மெல்லக் கலைந்தது. அடியிலிருந்து மங்கின மஞ்சள் வந்தது. வெளிறின தங்கம், பளபளப்பில்லாமல். உள்ளங்கைப் பக்கம் வருடக்கணக்காகத் தேய்ந்து மெலிந்த இடத்தில் மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு. பத்தர் அதை ஒட்டி மினுக்கிக் கொடுத்தார். உள்பக்கம் வெட்டியிருந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று பாதி அழிந்துவிட்டது.

டீச்சர் அந்த எழுத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"உங்களை நான் மன்னிச்சிட்டன் எண்டு இப்ப சொன்னா அது பொய்" என்றார். "சனிக்கிழமை வாறன் எண்டு சேரிட்டச் சொல்லுங்கோ. நீங்களும் வந்து இருக்கோணும். குசினிக்குள்ள இருந்து கேக்கிறது சரிவராது."

அடுத்த நாளே போத்தலை எடுத்துப்போய் மேலிடத்தில் ஒப்படைத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன்.

"அந்தக் கதை நீ சொன்னதுதான், என்ன?" என்று அவர் கேட்டார். "மீன் சாப்பிடேக்க."

"ஓம்."

"எனக்கு நினைவே இல்லை" என்றார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். எழும்பி வந்து நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். சரியாக உரிக்கத் தெரியாது அவருக்கு.

சனிக்கிழமை நான் மூன்றாவது கதிரையில் இருந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. ரசத்தை ஏன் இரும்புக் குடுவைகளில் அடைத்து வைத்தார்கள் என்று அவர்கள் கொப்பியில் தேடிக்கொண்டிருந்தபோது, இரும்போடு அது கலக்காது என்று சொன்னேன். டீச்சர் அதை எழுதிக்கொண்டார். கொஞ்சநேரத்தில் என் கணவர், இரும்பு என்பது ஆசையில்லாத மனதாக இருக்குமோ என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவர்களுடைய கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். ஏழாம் பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்றில், ரசம் தன் இனத்தைத் தேடி ஓடுகிறது என்ற விளக்கம் என்னுடையது என்று என் பெயரோடு போட்டிருந்தது. டீச்சர்தான் பிடிவாதமாகப் போட வைத்தாராம். என் கணவர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் சஞ்சிகையை மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போன பிறகு நான் மறுபடி எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். அருகருகே இருந்த அந்த இரண்டு பெயர்களையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.